போல்ட் துளையில் ஒட்டிய வெள்ளை

குலசேகரம்
4-12-1952

அய்யா துணை

அன்பு மச்சினன் கிருஷ்ணமணிக்கு அத்தான் குமாரதாஸ் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காள் சொர்ணம்மாளும் சுகம். அவளுக்கு மழைக்கால இருமல் விட்டுவிட்டது. எனக்கு முழங்கால் வலி விடவில்லை, விடுகிற உத்தேசமும் அதற்கு இல்லை. பட்டணத்துத் தண்ணீர் உன் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா என்று அக்காள் கேட்கச் சொன்னாள். நீ பதில் எழுதாவிட்டால் அவள் என்னைத்தான் பிடுங்குவாள்.

விஷயம் இதுதான். எஸ்டேட் முதலாளி ஜான்ரோஸ் சீமையிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியிருக்கிறார். சிவப்பு. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. குலசேகரத்து மழைக்கு நல்ல வண்டி! ஆனால் ஓட்டம் என்றால் ஓட்டம்தான். நிற்கிறதில்தான் கோளாறு. முன்சக்கரத்து பிரேக் டிரம் இரண்டையும் பழைய சொந்தக்காரர் கடைசலில் கொடுத்துக் கொடுத்துத் தேய்த்துவிட்டார். இன்னொரு முறை கடைந்தால் தகரம்தான் மிஞ்சும். பங்களா இறக்கத்தில் இரண்டு வளைவு இறங்கினால் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிப்பதில்லை.

நாகர்கோவிலில் பெரிய பட்டறைகள் இருந்தும் முதலாளி என்னிடம் விட்டிருக்கிறார். நானும் நாலு பேர் கேட்க, “மெட்ராசுல பெரிய கார் சாமான் கடையில நிக்கியது எனக்க மச்சினனாக்கும், அவன் கையால பொறுக்கி அனுப்புவான்” என்று சொல்லிவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்று. அளவு தனித்தாளில் இருக்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான் குமாரதாஸ்


சென்னை
13-12-1952

அய்யா துணை

மரியாதைக்குரிய அத்தானுக்கு கிருஷ்ணமணி வணக்கம். வயிறு நன்றாக இருக்கிறது. அக்காளிடம் அப்படியே சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்குக் கொட்டன்சுக்காதித் தைலம் போடுகிறீர்களா?

டிரம்முக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, சீமைக்கு எழுதிப் புதிதாக வரவழைப்பது. மூன்று மாதமாவது ஆகும். இரண்டு, இங்கே உள்ள வார்ப்புப் பட்டறையில் செய்யச் சொல்வது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்று, இதே மாதிரிக் கார் ஒன்று உடைந்து எங்கள் கடைக்கு வந்தது. அதன் முன்டிரம் இரண்டும் கருப்புப் பெயிண்ட் அடித்துக் கிடங்கில் இருக்கின்றன. கனம் குறையவில்லை. எது என்று சொல்லுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. காலையில் நெற்றியில் நாமம் இட்டுக் கடைக்குப் போவேன் அல்லவா? கவுண்டரில் நிற்கிறவர்கள் எனக்கு ‘நாமம்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். நான் பேசினால் பாட்டுப் படிக்கிறேனாம். சிரித்துக்கொண்டே போய்விடுகிறேன். இப்போது சாயங்காலம் அறைக்கு வந்துதான் நாமம் இடுகிறேன். அக்காளுக்குச் சொல்ல வேண்டாம்.

தங்கள் மைத்துனன் கிருஷ்ணமணி


குலசேகரம்
20-12-1952

அய்யா துணை

மச்சினனுக்கு ஆசீர்வாதம். உன் வயிறு நேரானதில் அக்காளுக்குச் சந்தோஷம். தைலம் போடுகிறேன். நாற்றத்துக்குப் பயந்து வலி கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

மூன்று மாதம் பொறுக்க வழியில்லை. பிப்ரவரி ஐந்தாம் தேதி முதலாளி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் இந்தக் காரில்தான் ஊர் சுற்ற வேண்டும் என்று அவர் பிடித்த பிடியில் நிற்கிறார். ஆகவே கிடங்கில் இருக்கிற ஜோடியையே எடு. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஆனால் கேள். அடித்த பெயிண்டை நம்பாதே, சுரண்டு. கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டு. மணிச் சத்தம் வரவேண்டும். அதோடு விட்டுவிடாதே. என் வழக்கம் நீ பட்டறையில் பார்த்ததுதான்: மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஈரம் போகத் துடைத்து, நாமக்கட்டியைக் குழைத்துப் பூசிக் காயவிடு. விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கருங்கோடாக எழுதிக் காட்டும். காது ஏமாந்தாலும் நாமம் ஏமாறாது. “நெத்தியில இடுகத இரும்பில பூசுதியளே” என்று உன் அக்காள் இன்னும் ஏசுகிறாள். பதியில் அய்யாவைக் கும்பிட்டு வாங்கியது நெற்றிக்கு, சந்தையில் வாங்கியது இரும்புக்கு என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறேன்.

கடைக்காரர்கள் கேலி செய்தால் செய்யட்டும். கேலி செய்கிறவன் வாய்தான் வலிக்கும்.

குமாரதாஸ்


சென்னை
9-1-1953

அய்யா துணை

அத்தானுக்கும் அக்காளுக்கும் வணக்கம். இருவரும் நலம் என்று நம்புகிறேன். எனக்கு லேசான ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

டிரம் இரண்டும் மரப்பெட்டியில் இன்று ரயிலேறின. திருநெல்வேலியில் இறக்கி அங்கிருந்து பஸ்ஸில் வரும். தாங்கள் சொன்னபடி தட்டியும் பார்த்தேன், நாமம் பூசியும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கல்யாணம் நல்லபடி நடக்கட்டும்.

கிருஷ்ணமணி


குலசேகரம்
25-1-1953

அய்யா துணை

மச்சினனுக்கு. சுகம். உன் சுகம் எழுது.

பெட்டி வந்து சேர்ந்தது. இரண்டையும் பொருத்திவிட்டேன். முதலாளி ஓட்டிப் பார்த்துத் திருப்தி என்றார். வேறு விசேஷம் இல்லை.

குமாரதாஸ்

தம்பிக்கு சொர்ணம்மாள் எழுதுவது. இவர் உறையை ஒட்டும் முன்னால் வாங்கி எழுதுகிறேன். ஜலதோஷத்துக்குத் துளசிக் கஷாயம் போட்டுக் குடி. இவர் இரண்டு நாளாக வாய்க்கு ருசியில்லை என்கிறார். என்னவென்று கேட்டால் முழங்கால் என்கிறார். முழங்காலுக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தமோ.


குலசேகரம்
18-2-1953

அய்யா துணை

மச்சினன் கிருஷ்ணமணிக்கு. வீட்டில் சுகம்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. ஆனால் போன வெள்ளிக்கிழமை முதலாளி தனியாகப் பங்களாவிலிருந்து இறங்கும்போது கடைசி வளைவில் வலது முன்சக்கரத்து டிரம் பிளந்துவிட்டது. போல்ட் துளையிலிருந்து விளிம்பு வரைக்கும். வண்டி நிற்கவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வாளியோடு ஓரமாக வந்துகொண்டிருந்த ஞானத்தை இடித்துத் தள்ளியது. உனக்கு அவளைத் தெரியும். மேட்டுக் குடிசையில் தனியாக இருக்கிறவள். இடது காலில் முட்டுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு ஒடிந்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை. முதலாளிக்கு நெற்றியில் சிராய்ப்பு.

முதலாளி உங்கள் கம்பெனிக்கு எழுதினார். பட்டறையிலிருந்தும் ஒரு காகிதம் வேண்டுமென்றார். ‘பொருத்தும்போது டிரம்மில் குறை ஒன்றும் தென்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உடைந்ததைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. பெட்ரோலில் கழுவி அதே பெட்டியில் அனுப்பியிருக்கிறேன்.

நீ மனசை விட்டுவிடாதே. இரும்பு வாங்கும்போது உள்ளே புகுந்தா பார்க்க முடியும்?

குமாரதாஸ்


சென்னை
6-3-1953

அத்தானுக்கு வணக்கம். அக்காளின் இருமல் திரும்பவும் வரவில்லையே?

பெட்டி வந்தது. நானே திறந்தேன்.

தேர்வு செய்தது நான்தான், குறை என்னுடையதுதான் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் காகிதத்தை அவர் எல்லோர் முன்பும் வாசித்தார். அன்றே என்னை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு பட்டறையில் சாமான் கழுவுகிற வேலை. புது விலாசம் பின்னால் இருக்கிறது. அக்காளுக்கு இதைத் தெரிவிக்க வேண்டாம்.

ஞானத்தக்காள் கால் ஊன்றினாளா என்று மட்டும் எழுதுங்கள்.

கிருஷ்ணமணி


குலசேகரம்
12-6-1953

அய்யா துணை

மச்சினனுக்கு. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. நானும் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

உன் வேலை போனது அக்காளுக்குத் தெரிந்துவிட்டது. மெட்ராசிலிருந்து வந்த கோலப்பன் சந்தையில் வைத்துச் சொல்லிவிட்டானாம். மறுநாள் காலையில் கஞ்சியும் பயறும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். எங்கே என்று கேட்டேன். “எனக்க தம்பி செய்த பாவத்துக்கு நான் போயிட்டு வாறேன்” என்றாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. இடவப்பாதி மழை கொட்டுகிறது, வழியெல்லாம் சேறு, இருமலும் திரும்பிவிட்டது. நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞானத்துக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று, கால் குட்டையாகச் சேர்ந்திருக்கிறது. இனி ரப்பர் பால் வெட்டப் போக முடியாது. தினமும் உன்னைச் சபிக்கிறாளாம். “மெட்ராசுல இருந்து அனுப்பினானே, அவனுக்க கை வெளங்காமப் போவும்” என்று. உன் அக்காள் அதைக் கேட்டுக்கொண்டே கஞ்சி ஊற்றிக் கொடுத்து, பாத்திரம் கழுவிக்கொண்டு வருகிறாள். இதை என்னிடம் சொல்லும்போதுகூட அவள் ஞானத்தைக் குறை சொல்லவில்லை.

வேறொன்று எழுத வேண்டுமென்று காகிதத்தை எடுத்தேன். அஞ்சல்காரர் வந்துவிட்டார். பிறகு எழுதுகிறேன்.

குமாரதாஸ்


குலசேகரம்
20-8-1953

மச்சினன் கிருஷ்ணமணிக்கு.

மேலே அய்யா பேரை எழுத இன்று எனக்குக் கை வரவில்லை. காரணம் கீழே இருக்கிறது.

ஜனவரியில் பெட்டி வந்த அன்று வழக்கம்போல் டிரம்மை மண்ணெண்ணெயில் போட்டேன். சந்தையில் வாங்கிய நாமக்கட்டி தீர்ந்துபோயிருந்தது. அக்காள் பார்க்காதபோது வீட்டு மாடத்திலிருந்து பதியில் வாங்கிய நாமத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பூசினேன். இடதுபக்க டிரம் சுத்தம். வலதுபக்கத்தில் போல்ட் துளையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கோடு எழும்பியது. நூல் கனம்தான். ஆனால் கோடு.

நான் அதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பிறகு கழிவுத்துணியை எடுத்துத் துடைத்தேன்.

ஏன் என்று நீ கேட்க வேண்டும். என் மச்சினன் கையால் பொறுக்கி அனுப்புவான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அது பழுது என்று முதலாளி முன்னால் எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. நீயும் நாமம் பூசிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அவன் பார்த்ததில் இல்லாதது நான் பார்த்ததில் எப்படி வரும், பெயிண்ட் சுரண்டிய கீறலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அய்யா கோடு போட்டுக் காட்டினார், நான் அதை அழித்தேன். வெட்கப்படுவதற்குப் பயந்து செய்த காரியம், இன்று வெட்கத்தைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு நான் அய்யாவைக் கும்பிட நிழல்தாங்கலுக்குள் போகவில்லை. மாசி இருபதாம் தேதி அய்யா அவதார ஊர்வலத்துக்கும் முழங்காலைச் சாக்குச் சொல்லி நின்றுவிட்டேன். உள்ளே சிலை கிடையாது, தலைப்பாகை கட்டிக்கொண்டு போனால் கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். அதில் யார் தெரிவார் என்று எனக்குத் தெரியும். உன் அக்காள் மட்டும் போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று உனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறாள். நான் வெளியே செருப்புக்குக் காவல் இருப்பதுபோல் நிற்கிறேன்.

இதையும் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். நேற்று ஞானம் கம்பு ஊன்றிக்கொண்டு பட்டறைக்கே இறங்கி வந்தாள். மழையில் கம்பு வழுக்குகிறது, அடியில் அடித்துக்கொள்ள ஒரு துண்டு டயர் வேண்டும் என்றாள். பழைய டயரில் வெட்டி நானே ஆணி அடித்துக் கொடுத்தேன். இரண்டு எட்டு நடந்து பார்த்தாள். திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்து, “இந்தக் கை நல்லா இருக்கட்டு மேஸ்திரி” என்றாள். உன் கையைச் சபிக்கிற அதே வாய்.

அவள் போன பிறகு பட்டறையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ என்னை என்ன சொன்னாலும் தகும்.

குமாரதாஸ்


சென்னை
5-9-1953

அய்யா துணை

அத்தானுக்கு கிருஷ்ணமணி எழுதுவது. உங்கள் கடிதத்தை இருபது தடவை படித்தேன்.

உடைந்த டிரம் வந்த பெட்டியை நானே திறந்தேன் என்று மார்ச்சில் எழுதினேன். அதற்கு மேல் எழுதாததை இப்போது எழுதுகிறேன். நீங்கள் எல்லா இடமும் கழுவியிருந்தீர்கள். போல்ட் துளைக்குள் மட்டும் கழுவவில்லை. அங்கே வெள்ளை ஒட்டியிருந்தது. பூசியவர் நீங்கள்தான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஏனென்றால் நான் பூசவில்லை.

நாமம் பூசிப் பார்த்தேன் என்று எழுதியது பொய், அத்தான். சட்டைப்பையில் நாமக்கட்டியோடுதான் கிடங்குக்குப் போனேன். கவுண்டர்க்காரர்கள் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். “நாமம், இன்னைக்கு யாருக்கு நாமம் போடப் போறே?” என்று ஒருவர் கேட்டார். மற்றவர் சிரித்தார். எனக்கு அதை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது. பெயிண்டைக்கூடச் சுரண்டவில்லை. தட்டினேன், சத்தம் வந்தது, பெட்டியில் வைத்து ஆணி அடித்தேன். அந்த இரண்டு பேருடைய சிரிப்புக்குப் பயந்து ஞானத்தக்காளின் காலைக் கொடுத்தேன்.

மேனேஜர் வருகிற சத்தம் கேட்டது. வேட்டித் தலைப்பை எச்சிலில் நனைத்து, துளைக்குள் விட்டு அந்த வெள்ளையைத் துடைத்துவிட்டேன். நீங்கள் ஒரு தடவை துடைத்தீர்கள், நான் ஒரு தடவை துடைத்தேன். என் பொய்க்கு வேலை போனது சரி என்று இருந்துவிட்டேன். ஆனால் நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு தபாலையும் எதிர்பார்த்தேன். ஜூன் மாதக் கடிதத்தில் அஞ்சல்காரர் வந்துவிட்டார் என்று முடித்திருந்தீர்கள். அன்று எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்தை எழுதினால் மரியாதையாக இராது. அதனால்தான் பதில் போடவில்லை.

இப்போது என்னிடம் சொன்னதில் பிரயோஜனம் இல்லை. எனக்கு ஆறு மாதமாகத் தெரியும். அக்காள் மழையில் மேடு ஏறுகிறாள். அவளிடம் சொல்லுங்கள். ஞானத்தக்காளிடம் சொல்லுங்கள். என் பொய்யையும் சேர்த்தே சொல்லுங்கள், அதை மறைக்க வேண்டாம்.

அக்காளின் இருமலுக்கு ஆடாதோடை கொடுங்கள்.

கிருஷ்ணமணி


குலசேகரம்
23-9-1953

அய்யா துணை

அன்பு மச்சினன் கிருஷ்ணமணிக்கு.

உன் கடிதத்தை அக்காள் கையில் கொடுத்தேன். என்னுடையதை வாயால் சொன்னேன். வாசித்தாள், கேட்டாள். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். தூக்குச்சட்டியைக் கழுவிக் கஞ்சியை ஊற்றி என் முன்னால் வைத்தாள். அவ்வளவுதான். இன்றைக்கு ஏழாவது நாள். என்னோடு இன்னும் பேசவில்லை. ஆடாதோடையை மட்டும் வாங்கிக் குடித்தாள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பழைய காகிதம் பொய் என்று வேறொரு காகிதம் எழுதிக் கொடுத்தேன். அதன் நகலை உன் பழைய மேனேஜருக்கும் அனுப்பியிருக்கிறேன். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு, “போ” என்றார். கார் நாகர்கோவிலுக்குப் போய்விட்டது. புது டிரம் சீமையிலிருந்து வருகிறதாம். பொருத்தும் முன் இன்ன மாதிரி நாமம் பூசிப் பாருங்கள் என்று அந்தப் பட்டறைக்கு எழுதினேன். கேட்பார்களோ, சிரிப்பார்களோ.

ஞானத்தின் வீட்டுக்கு முதல் நாள் நான் கஞ்சியோடு ஏறியபோது அவள் பயந்துபோய், “சொர்ணத்துக்கு என்ன மேஸ்திரி?” என்று கேட்டாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைப் பார்த்தேன், துடைத்தேன், பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று. நீ பூசாமல் பூசினேன் என்று எழுதியதையும் நீ சொன்னபடி சொன்னேன். என்னை அடிப்பாள் என்று பார்த்தேன். நான் டயர் அடித்துக் கொடுத்த கம்பு பக்கத்தில்தான் இருந்தது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. கடைசியில் கேட்டாள்:

“அப்போ அந்தப் பயலுக்கு நான் இத்தன நாளா போட்ட சாபத்த இனி எப்பிடித் திரிச்சு எடுக்கது?”

அதையெல்லாம் என் பேருக்கு மாற்றிவிடு என்றேன். “ஒங்களுக்கு வேறதான் போடணும். அது என்னவெண்ணு இன்னும் நெனைக்கல்ல” என்றாள். பிறகு கஞ்சியை வாங்கிக்கொண்டாள். “நாளைக்கும் நீங்களே கொண்டு வாருங்க. சொர்ணம் இனி ஏற வேண்டாம்” என்றாள். கொண்டுபோகிறேன். வாசலில் வைத்துவிட்டு நிற்பேன், அவள் குடித்து முடித்துச் சட்டியைத் தள்ளுவாள். இதுவரை வேறு பேச்சு இல்லை.

நேற்று மட்டும் ஒன்று சொன்னாள். அதை உனக்கு எழுதச் சொன்னாள், அதற்காகத்தான் இந்தக் கடிதம். தாமதிக்காமல், அவள் சொன்னது சொன்னபடி எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்:

“மக்கா கிருஷ்ணமணி, ஒனக்க கை சுகமா இருக்கா? அத மட்டும் எழுது.”

அத்தான் குமாரதாஸ்